சிறு வயதில் இறந்த குழந்தையின் நினைவுகளைச் சேர்த்து வைப்பது: எதை முதலில் செய்ய வேண்டும், எதற்கு அவசரமே இல்லை

என் அக்கா மகன் ஆறு வயதில் இறந்தான். அவனுடைய படங்களையும் குரலையும் பொருட்களையும் பத்திரப்படுத்தும் வேலையை நான்தான் செய்தேன். அக்காவாலும் மாமாவாலும் அப்போது அது முடியவில்லை. அதற்குப் பிறகு, இதே துக்கத்தில் இருந்த சில குடும்பங்களுடனும் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே தவறுதான் நடக்கிறது. அவசரமானதைத் தள்ளிப் போடுகிறார்கள், ஆற அமரச் செய்ய வேண்டியதை முதல் வாரத்திலேயே செய்து முடித்துவிடுகிறார்கள். உடுப்புகள் மூட்டை கட்டி அனுப்பப்படுகின்றன. குரல் இருந்த போனோ அலமாரியில் கிடக்கிறது. இரண்டு வருடம் கழித்துத் தேடும்போது போன் உயிர் பெறுவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். எது சீக்கிரம் அழியுமோ அதை முதலில் காப்பாற்றுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்ற முடிவுகள் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும்.

தொடங்கும் முன்

பெற்றோருக்கு ஓர் அடி தள்ளி நிற்கும் ஒருவர் இதை முன்னின்று செய்வது நல்லது. சித்தி, மாமா, பெரியப்பா மகள், நெருங்கிய தோழி, யாராகவும் இருக்கலாம். பெற்றோரே செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அவர்களைத் தனியாக விடாதீர்கள். ஒரு வீடியோவைத் திறந்தால் அன்றைய நாள் முழுவதும் அதிலேயே போய்விடும். பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் வேலை நகரும்.

யார் செய்தாலும் முதலில் பெற்றோரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் எல்லாவற்றையும் சேர்த்து மட்டும் வைக்கிறேன், எதையும் எடுத்துக்கொண்டு போக மாட்டேன், எதையும் அழிக்க மாட்டேன், சரியா?” இதற்கு அநேகமாக எல்லோரும் சம்மதிப்பார்கள். “என்ன செய்யலாம், சொல்லுங்க” என்று கேட்டால் பதில் வராது. முடிவெடுக்கும் தெம்பு அவர்களிடம் அப்போது இருக்காது.

தேவையான பொருட்கள் குறைவு. புதிய ஹார்ட் டிஸ்க் இரண்டு. பழைய போன்களுக்குப் பொருந்தும் சார்ஜர்கள். ஒரு நோட்டு, பென்சில், அளவு நாடா. காகித உறைகள், பிசின் தடவாத மெல்லிய வெள்ளைத் தாள், மூடியுள்ள ஒரு பெட்டி. பெட்டி பெரியதாக இருக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். தொடர்ந்து உட்கார்ந்தால் கண் பார்த்துக்கொண்டே இருக்கும், கை கோப்புக்குத் தப்பான பெயர் போடும்.

1. முதல் நாளிலேயே சொல்ல வேண்டிய “வேண்டாம்”கள்

சொந்தக்காரர்கள் உதவி செய்யத்தான் வருவார்கள். அந்த உதவியில்தான் பல நினைவுகள் போகின்றன. அதனால் வீட்டில் இருப்பவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். குழந்தை கடைசியாகப் போட்டிருந்த உடையையும் தலையணை உறையையும் துவைக்க வேண்டாம். சுவரைத் துடைக்க வேண்டாம். எந்தப் போனையும் ரீசெட் செய்யவோ மாற்றவோ விற்கவோ வேண்டாம். பள்ளிப் பையைக் காலி செய்ய வேண்டாம்.

“கண்ணில் பட்டால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்” என்று ஒருவர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் பொருளை அப்படியே ஓர் அறைக்குள் நகர்த்திக் கதவைச் சாத்துங்கள். கண்ணில் படாமல் இருந்தால் போதும், வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை.

2. குரலும் அசைவும்: முதல் வாரத்து வேலை

முகத்துக்குப் படங்கள் இருக்கும். குரல்தான் முதலில் மறக்கிறது. எந்தச் சொல்லை எப்படிச் சொன்னான் என்று தெரியும், ஆனால் சத்தம் காதில் வராது. அதனால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

குப்பைத் தொட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். ஐபோனில் நீக்கிய படங்கள் 30 நாட்கள் வரை “சமீபத்தில் நீக்கியவை” பகுதியில் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்கள் 60 நாட்கள் வரை இருக்கும், பேக்கப் ஆகாதவை 30 நாட்கள்தான். இடம் போதவில்லை என்று யாரோ அழித்த மங்கலான வீடியோ இப்போது விலைமதிப்பற்றது. அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, அத்தை என்று குழந்தையைப் படம் எடுத்த எல்லோருடைய போனிலும் அதே நாளில் பாருங்கள். இந்தக் காரியத்துக்குத் தேதி ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து வாட்ஸ்அப். மறையும் செய்திகள் என்ற அமைப்பு எந்த உரையாடலிலாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 24 மணி நேரம், 7 நாட்கள், 90 நாட்கள் என்று மூன்று கெடு உண்டு. போட்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள். நிறுத்தினாலும் ஏற்கெனவே வந்த செய்திகள் குறித்த நேரத்தில் மறையத்தான் செய்யும், ஆகவே அவற்றை உடனே வெளியே எடுங்கள். திறக்காமல் விட்ட குரல் பதிவுகளையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நாள் கடந்தால் கிடைக்காமல் போகும்.

அப்புறம், குரல் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று யோசியுங்கள். மற்றவர் வீட்டு விசேஷ வீடியோவில் பின்னணியில் கேட்கும். பள்ளி விழாப் பதிவில் இருக்கும். ஐபோனில் லைவ் போட்டோ என்று எடுத்த படம் வெறும் படமல்ல. எடுத்த கணத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை ஒன்றரை நொடி ஒலியோடு பதிந்திருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த ஒலி போய்விடும். அக்கா மகனுடைய அப்படிப்பட்ட படம் ஒன்றில், கேமராவுக்கு வெளியே இருந்த அக்கா “இங்க பாரு” என்கிறாள், அவன் “பாத்துட்டேனே” என்கிறான். அவ்வளவுதான். மூன்று நொடி. பல மாதம் அது வெறும் படம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பேசும் பொம்மை, குரலைப் பதிந்து திரும்பச் சொல்லும் பொம்மை இருந்தால் மிகவும் கவனம். பேட்டரியைக் கழற்றினாலே சில பொம்மைகளில் பதிவு அழிந்துவிடும். முதலில் அமைதியான அறையில் அதை ஒலிக்க விட்டு, போனில் பதிவு செய்யுங்கள். தவறிக்கூடப் பதிவுப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

கண்காணிப்புக் கேமராக்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். வாசலில் ஓடி வந்த ஒரு சாதாரணக் காட்சி அதில் இருக்கலாம். குழந்தை விபத்தில் இறந்திருந்தால் அந்தப் பதிவுகளைப் பெற்றோர் பார்க்க வேண்டாம். வேறொருவர் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுத்துத் தரட்டும்.

கோப்புகளைச் சேர்க்கும்போது ஒரு விதி: போனிலிருந்து கம்பியில் நேரடியாக எடுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதியும் உள்ளிருந்து அழிந்துவிடும். தேதி போய்விட்டால் “இது நாலு வயசா, அஞ்சு வயசா” என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

3. கணக்குகளையும் எண்ணையும் உயிரோடு வைத்திருப்பது

சற்றுப் பெரிய குழந்தை என்றால் தனக்கென ஒரு போனோ மின்னஞ்சலோ விளையாட்டுக் கணக்கோ இருந்திருக்கும். இவற்றை மூடும் எண்ணம் வந்தால் தள்ளிப் போடுங்கள். ஆனால் தானாக மூடிக்கொள்ளும் கெடுக்களும் உண்டு. கூகுள் கணக்கு 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் உள்ளிருக்கும் படங்களோடு சேர்த்து நீக்கப்படலாம். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாட்கள் இணைப்பில்லாமல் இருந்தால் நீக்கப்படும்.

போன் எண்ணுக்குக் கட்டணம் கட்டாமல் விட்டால் அந்த எண் வேறு யாருக்காவது போகும். ஓர் அம்மா தன் மகளுடைய எண்ணுக்கு அவ்வப்போது செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அறியாத ஒருவரின் முகப்படத்தோடு பதில் வந்தது. இன்னொரு முறை மகளை இழந்ததைப் போல இருந்தது என்றார். எண்ணை விடுவதா வைப்பதா என்று குடும்பம் முடிவெடுக்கும் வரை குறைந்த கட்டணத்தில் ஓட்டிக்கொண்டிருங்கள்.

4. மங்கிவிடும் காகிதங்கள்

ஸ்கேன் படம், சில ரசீதுகள், மருத்துவமனைச் சீட்டுகள் ஆகியவை வெப்பத்தில் அச்சாகும் தாளில் இருக்கும். வெளிச்சத்திலும் சூட்டிலும் சில ஆண்டுகளில் இவை மங்கும் அல்லது கறுக்கும். இவற்றை லேமினேட் செய்யவே கூடாது. அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்து, குழந்தையின் ஒரே கருப்பைப் படத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் படம் எடுங்கள், பிறகு காகித உறையில் இருட்டில் வையுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் உறையும் வேண்டாம்.

ஓவியங்கள், நோட்டுகள் போன்றவற்றை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு) அளவில் ஸ்கேன் செய்தால் போதும். சின்னப் புகைப்படங்களை 600 டிபிஐயில் எடுங்கள், பின்னால் பெரிதாக்க உதவும். ஒவ்வொரு காகிதத்தின் பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். குழந்தைகள் பின்பக்கத்தில்தான் மனத்தில் இருப்பதைக் கிறுக்கியிருப்பார்கள்.

ஒட்டும் டேப், பசை ஆல்பம் இரண்டும் வேண்டாம். டேப் மஞ்சளாகிக் கறை விடும். பசைப் பக்கத்தில் ஒட்டிய படத்தைப் பிரித்தால் கிழியும்.

5. சுவரிலும் கதவிலும் இருப்பவை

வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போதும் வாடகை வீட்டைக் காலி செய்யும்போதும்தான் இவை போகும். அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கதவு நிலையில் குழந்தையின் உயரத்தைக் குறித்த கோடுகள் பல வீடுகளில் உண்டு. படம் எடுத்தால் மட்டும் போதாது, படத்தில் உயரம் தெரியாது. நீளமான காகிதச் சுருள் ஒன்றைத் தரையிலிருந்து மேலே வரை நிலையோடு சேர்த்துப் பிடியுங்கள். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு கோட்டையும் அதே உயரத்தில் காகிதத்தில் வரைந்து, பக்கத்தில் இருக்கும் தேதியையும் அப்படியே எழுதட்டும். தரை எது என்று கீழே ஒரு கோடு. பிறகு அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம். சுருளை மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது கடைசிக் கோடு என் விலா எலும்புக்கு நேராக வந்தது. அக்கா அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, தலையைத் தடவுவது போலக் கொஞ்ச நேரம் நின்றாள். படத்தால் அதைச் செய்ய முடியாது. உயரம் என்பது உடம்பால் நினைவு கொள்ளும் விஷயம்.

சுவர்க் கிறுக்கல், அலமாரிக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர், கண்ணாடியில் பதிந்த கை: ஒவ்வொன்றையும் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். நேராக ஃபிளாஷ் அடித்தால் எதுவும் தெரியாது.

6. உடுப்பும் பொம்மையும்

வாசனைக்காக ஒரே ஓர் உடை அல்லது தலையணை உறை போதும். நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். திறக்கத் திறக்க வாசனை குறையும். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வரும். வாசனை என்றென்றும் இருக்காது என்பதையும் முன்பே சொல்வது நல்லது. அதைத் தெரியாமல் ஒரு நாள் பையைத் திறந்து வெறும் துணி வாசம் வந்தால், அது தாங்க முடியாத நாளாகிவிடும்.

வைத்துக்கொள்ளும் மற்ற உடைகளைப் பெற்றோர் சம்மதித்த பிறகு மெதுவாகத் துவைக்கலாம். உணவுக் கறை பூச்சிகளை வரவழைக்கும். ஆனால் கிரேயான் கோடு, தைத்த கிழிசல், பால்பேனா மை ஆகியவற்றை எடுக்க முயலாதீர்கள். அவைதான் அந்தச் சட்டையை வேறெந்தச் சட்டையும் போல் இல்லாமல் ஆக்குகின்றன. மடிப்புகளுக்கு நடுவில் மெல்லிய தாள் வைத்து மடியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மடிப்பை மாற்றினால் துணி ஒரே இடத்தில் நைந்து போகாது.

பொம்மைகளில் பேட்டரியைக் கழற்றுங்கள் (ஒலி பதிவு செய்த பிறகு). விட்டால் கசிந்து அரித்துவிடும். ரப்பரும் மென்மையான பிளாஸ்டிக்கும் நாளடைவில் பிசுபிசுக்கும், ஆகவே துணியோடும் படத்தோடும் சேர்த்து வைக்காதீர்கள். அந்துருண்டையையும் பெட்டிக்குள் போட வேண்டாம்.

7. மற்றவர்களிடம் இருக்கும் குழந்தை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பலர் விட்டுவிடும் பகுதியும் இதுதான். பெற்றோருக்குத் தெரிந்தது வீட்டுக் குழந்தையை மட்டும். வகுப்பில் அவன் வேறு ஆள். பக்கத்து வீட்டில் வேறு ஆள். வண்டி ஓட்டிக் கூட்டிப்போனவரிடம் இன்னொரு ஆள். இந்தக் குழந்தைகளையெல்லாம் சேர்க்காவிட்டால் அவர்களோடு அவை மறைந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் கேளுங்கள். பிறகு எல்லோருடைய நினைவும் “நல்ல பையன், எப்பவும் சிரிச்சிட்டே இருப்பான்” என்று ஒரே வாக்கியமாக உருகிவிடும்.

கேள்வியைச் சின்னதாகக் கேட்க வேண்டும். “அவனைப் பற்றிச் சொல்லுங்க” என்றால் அழுகைதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: உங்களை அவன் என்னவென்று கூப்பிடுவான்? எதற்குப் பிடிவாதம் பிடித்தான்? உங்களிடம் என்ன பொய் சொன்னான்? உட்கார்ந்தால் காலை எப்படி வைத்திருப்பான்? கடைசியாக எதற்காக உங்களைச் சிரிக்க வைத்தான்? கோபம் வந்தால் என்ன செய்வான்?

“என்ன பொய் சொன்னான்” என்ற கேள்விக்குத்தான் எனக்கு நிறையக் கிடைத்தது. தன் வீட்டில் ஒரு குதிரை இருப்பதாக வகுப்பு ஆசிரியரிடம் ஒரு பருவம் முழுவதும் சொல்லியிருக்கிறான். அதற்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டுப்பாடம்கூட எழுதவில்லை. எங்கள் யாருக்கும் அந்தக் குதிரையைத் தெரியாது.

பேசுபவரின் அனுமதியோடு போனில் பதிவு செய்யுங்கள், அப்புறம் எழுதிக்கொள்ளலாம். இரண்டு பேர் ஒரே சம்பவத்தை வேறு வேறு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தப் போனால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள். உடன் படித்த குழந்தைகளிடம் அவர்களுடைய பெற்றோர் வழியாக மட்டும் கேளுங்கள். பேசச் சொல்லாமல் வரையச் சொன்னால் இன்னும் நல்லது.

8. மூன்று பிரதி

சேர்த்ததை மூன்று பிரதிகளாக வையுங்கள். இரண்டு வேறு வகையான இடங்களில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். எங்களுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் அக்கா வீட்டில், ஒன்று என் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். பென் டிரைவையும் சிடியையும் மட்டும் நம்பாதீர்கள். சும்மா கிடந்தாலும் அவை கெட்டுப்போகும்.

கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி, பிறகு என்ன நடக்கிறது, யார் இருக்கிறார்கள். “வீடியோ 17” என்றால் பத்து வருடம் கழித்து ஒவ்வொன்றையும் திறக்க வேண்டியிருக்கும். “2019-03-08 மாடிப்படியில் பாட்டுப் பாடுகிறான், பாட்டியோடு” என்றால் மனம் தயாராக இருக்கும் நாளில் வேண்டியதை மட்டும் திறக்கலாம். மருத்துவமனையில் எடுத்த படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, ஃபோல்டரின் பெயரிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். யாரும் எதிர்பாராமல் அதன் மேல் விழக் கூடாது.

போனில் படங்களுக்கான செயலியில் “நினைவுகள்” என்று படங்களைத் தானாகக் காட்டும் வசதியையும் பெற்றோர் விரும்பினால் அணைத்து வைக்கலாம். தேதியையோ முகத்தையோ குறிப்பிட்டு மறைக்கவும் முடியும். மறைத்தால் படம் அழியாது என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், அந்தப் பயத்தில்தான் பலர் தொடுவதில்லை.

9. எழுதி வைப்பது

பெரிய வாழ்க்கை வரலாறு வேண்டாம். ஆறு வருடத்துக்கு வரலாறு எழுதினால் நோயும் கடைசி நாட்களும்தான் பாதிப் பக்கம் பிடிக்கும். அதற்குப் பதிலாகத் தலைப்புத் தலைப்பாக எழுதுங்கள்: அவன் சொற்கள், பயங்கள், தூங்கும் விதம், பிடிக்காதவை, கேட்ட கேள்விகள்.

சொற்களுக்குத் தனிப் பக்கம் கட்டாயம். தப்பாகச் சொன்ன சொல்லை அவன் சொன்ன ஒலியிலேயே எழுதுங்கள். எங்கள் பையனுக்கு ஹெலிகாப்டர் “எக்கிலாப்டர்”. நேற்றுக்கு முந்தைய எல்லா நாளும் “நேத்து நேத்து”. வீட்டில் எல்லோரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தோம், எழுதி வைத்திருக்காவிட்டால் அது வேறெங்கும் இருந்திருக்காது.

குழந்தையைத் தெய்வமாக எழுதிவிடாதீர்கள். அடம், பொறாமை, தம்பியைக் கிள்ளியது எல்லாம் இருக்கட்டும். குறையே இல்லாத ஒரு பிள்ளையை எழுதினால் அது யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம். வளர்ந்து வரும் தம்பியோ தங்கையோ அந்தப் பக்கங்களைப் படித்து, தான் எப்போதும் இரண்டாவதுதான் என்று நினைக்கவும் இடம் கொடுக்கும்.

10. உடன்பிறந்தவர்களை இதில் சேர்ப்பது

வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால் பெட்டியில் ஓர் உறையை அதற்கென்று விடுங்கள். என்ன போட வேண்டும் என்று அதுவே முடிவு செய்யட்டும். பெரியவர்களுக்கு அர்த்தமில்லாத ஒரு மூடியையோ கல்லையோ போட்டால் காரணம் கேட்டு எழுதுங்கள். நாம் எடுத்து வைக்காத பொருள் அது.

“தூங்கிட்டான்”, “ஊருக்குப் போயிட்டான்” என்று சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் குழந்தைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தைகளும் அப்படித்தான் உருவாகிறார்கள். “இறந்துட்டான். உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. திரும்பி வர மாட்டான்” என்று சொல்லலாம். “நீ செஞ்ச எதனாலயும் இல்ல” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சந்தேகத்தைக் குழந்தைகள் வாய் விட்டுக் கேட்பதில்லை.

11. இப்போதுதான் பெட்டி

கடைசியில் வர வேண்டிய இந்தப் படியைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். குறைந்தது ஆறு மாதமாவது போகட்டும். ஓராண்டு ஆனாலும் தாமதமில்லை.

பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், மடியில் வைத்துத் திறக்கும் அளவு. பெரிய பெட்டி பரணுக்குப் போய்விடும். சிறியது அலமாரியில் கை எட்டும் இடத்தில் இருக்கும். அதோடு, சிறியதாக இருந்தால்தான் எதை வைப்பது என்று உட்கார்ந்து பேச வேண்டி வரும். அந்தப் பேச்சில் அம்மாவும் அப்பாவும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்த பல விஷயங்கள் வெளிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

இருவருக்கும் ஒரே வேகம் இருக்காது. ஒருவருக்குத் தினமும் திறக்க வேண்டும், இன்னொருவருக்கு அந்த அறைக்குள்ளேயே போக முடியாது. இதைப் பாசத்தின் அளவாகப் பார்க்க ஆரம்பித்தால் வீடு இரண்டாகும். முன்பே பேசி, பெட்டி எங்கே இருக்கும், யார் எப்போது திறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பொருட்களை மூன்றாகப் பிரியுங்கள்: வைப்பது, கொடுப்பது, இன்னும் தெரியாதது. மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும், இருக்கட்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பைகளையும் பாக்கெட்டுகளையும் தடவிப் பாருங்கள். கொடுக்கவே போகும் கால்சட்டைப் பாக்கெட்டில் ஒரு சின்னப் பென்சில் துண்டு கிடைத்தது எங்களுக்கு. முனையில் பல் தடம்.

12. பிறந்தநாளும் இறந்த நாளும்

நாளை விட அதற்கு முந்தைய வாரம்தான் கனக்கும். முன்கூட்டியே ஒரு சின்னத் திட்டம் இருந்தால் தாங்கலாம்: யார் வருவார்கள், எவ்வளவு நேரம், எந்த ஒரு வீடியோவைப் பார்ப்பது. ஒன்றே போதும். பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்திவிடலாம் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

பல நாடுகளில், குழந்தைகளை இழந்தவர்கள் டிசம்பர் மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு, அவரவர் ஊர் நேரப்படி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். தனக்கென்று ஒரு நாளைத் தனியாகக் கொண்டாட முடியாதவர்களுக்கு அது உதவியாக இருக்கிறது.

நீங்கள் நண்பரோ உறவினரோ என்றால், அந்த நாளில் குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். “ஞாபகப்படுத்திவிடுவோமோ” என்று பயப்பட வேண்டாம். அவர்கள் மறக்கவே இல்லை.

“உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?” என்று அறியாதவர் கேட்கும் கேள்விக்கும் ஒரு பதிலை முன்பே தயார் செய்து வைத்திருப்பது நல்லது. சில நாள் முழு உண்மையையும் சொல்லலாம், சில நாள் சொல்லாமல் விடலாம். விட்டது துரோகமாகாது.

பிறந்தவுடன் இறந்த குழந்தை என்றால்

இங்கே வரிசை மணிக்கணக்கில் சுருங்கிவிடும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே கேளுங்கள்: கை, கால் தடம், கொஞ்சம் முடி, அடையாளப் பட்டை, போர்த்திய துணி, எடையும் நீளமும் குறித்த சீட்டு. படம் எடுங்கள். இப்போது பார்க்க முடியாது என்று அம்மா சொன்னாலும் எடுத்து, மூடிய உறையில் போட்டு, யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். “படம் எடுக்காமல் விட்டோமே” என்று பின்னால் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரிலேயே பேசுங்கள். கருவுற்றிருந்த மாதங்களின் நினைவும் நினைவுதான்: முதல் அசைவு எந்த நாள், எந்தச் சத்தத்துக்கு உதைத்தது, எந்தப் பெயர்களை யோசித்தீர்கள். அதையெல்லாம் எழுதுங்கள்.

வேலையை எங்கே நிறுத்துவது

சேர்க்கும் வேலை ஒருவரை மெல்ல விழுங்குவதையும் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று உண்டு. இழப்புக்குப் பிறகு 6 மாதங்களுக்கு மேலும், அவரவர் சமூகத்தில் வழக்கமான துக்கக் காலத்தையும் தாண்டி, அன்றாட வாழ்க்கையே நடக்காத அளவுக்கு ஏக்கமோ அந்த நினைப்போ பிடித்திருந்தால் அதைச் சொல்வார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. தூக்கமும் சாப்பாடும் போய், இரவெல்லாம் கோப்புகளோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஹார்ட் டிஸ்க்கை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றே போக வேண்டும், தனியாக விடக் கூடாது.

மற்றபடி, ஆண்டுக்கு ஒரு நாள் போதும். இரண்டு டிஸ்க்கையும் இணைத்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து கோப்புகள் திறக்கிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்க்கை ஐந்தாறு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். துணியின் மடிப்பை மாற்றுங்கள். நோட்டில் புதிதாக யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் தேதி போட்டு எழுதுங்கள். போன வருடம் அவன் வகுப்புத் தோழி ஒருத்தி, இப்போது நன்றாக வளர்ந்துவிட்டவள், எங்களைப் பார்த்ததும் கேட்டாள்: “அந்தக் குதிரைக்கு என்ன ஆச்சு ஆன்ட்டி?” நோட்டில் குதிரைக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தது. அவள் சொல்லித்தான் அதன் பெயர் தெரிந்தது, அன்று இரவே எழுதிச் சேர்த்தோம்.